சின்ன ஆட்டோமேட்டிக் கார் மாற்றுகிறீர்களா? முதலில் கியர்பாக்ஸைக் கேளுங்கள்

பழைய வண்டியும் ஆட்டோமேட்டிக், வாங்கப்போவதும் ஆட்டோமேட்டிக், இதில் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நேரே டர்பனின் ஹிகின்சன் ஹைவேயில் ஏறிவிடாதீர்கள். கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிக்கும் அந்த ஒரே பெயர்தான். உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் நாலு விதம். சமதரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. டர்பன் சமதரை ஊரா என்ன? சாட்ஸ்வர்த் வீடுகளின் செங்குத்தான டிரைவ்வேயிலேயே தெரிந்துவிடும்.

டொயோட்டா ஸ்டார்லெட், கியா பிக்கான்டோ போன்றவற்றில் இருப்பது டார்க் கன்வர்ட்டருடன் கூடிய நாலு கியர் பெட்டி. போலோ விவோ ஆட்டோமேட்டிக்கிலும் அதே வகைதான், ஆனால் ஆறு கியர். எஞ்சினின் சக்தி எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால், பிரேக்கை விட்டதும் வண்டி மெல்லத் தானாக நகரும். ஹோண்டா ஃபிட்டிலும் 2024இல் வந்த சுசுகி ஸ்விஃப்டிலும் சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் எஃகு பெல்ட் அது. மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். அது பழுதல்ல, அதன் இயல்பு. செலேரியோ, எஸ்-பிரெஸோ, டொயோட்டா வீட்ஸ், ரெனோ க்விட் எல்லாம் ஏஎம்டி: மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் நம் காலுக்கும் கைக்கும் பதில் ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது. போலோ டிஎஸ்ஜியில் இரட்டைக் கிளட்ச்: ஒன்று விடும்போதே மற்றது அடுத்த கியரைப் பிடித்துக்கொள்ளும்.

விலை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு என்று ஏஎம்டிக்குப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏற்றத்தில் ரோபோட் (சிக்னல்) சிவப்பில் நிற்கும்போது, பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே பிடித்திருப்பது பலருக்குப் பழக்கம். டார்க் கன்வர்ட்டரில் அதனால் எண்ணெய்தான் சூடாகும். ஏஎம்டியிலோ கிளட்ச் தட்டு அரைபட்டுத் தேயும். கருகல் வாடை வந்தால் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தி, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் தானாகப் பிரேக்கைப் பிடித்திருக்கும் வசதி) இருந்தாலும் அது ஓரிரண்டு நொடிதான் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகர்வதும் இதே சேதத்தைத்தான் செய்யும். முன்னே ஒரு வண்டி நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரேயடியாக நகருங்கள். கியர் மாறும்போது வரும் தலையாட்டத்துக்கும் வழி உண்டு: மாறப்போகிறது என்று காதுக்குத் தெரிந்ததும் காலை ஒரு கணம் தளர்த்துங்கள். லாரியை முந்துவதற்கு முன், எம் (நாமே கியர் மாற்றும்) நிலை இருந்தால் அதற்குப் போய் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். டி (டிரைவ்) நிலையிலேயே விட்டு மிதித்தால், கியர் மாறும்போது இழுவை அறும் அந்த இடைவெளி, எதிர்த்தடத்தில் இருக்கும்போது வந்து நிற்கும்.

இன்னொன்று, ஏஎம்டி வண்டிகளில் பி (பார்க்) நிலை கிடையாது. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை டியிலோ ஆரிலோ (ரிவர்ஸ்) வைத்தபடி எஞ்சினை அணையுங்கள். என் (நியூட்ரல்) நிலையில் விட்டுவிட்டால் வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட்பிரேக் ஒன்றே. பி உள்ள வண்டிகளில் வரிசைதான் முக்கியம்: கால் பிரேக், பிறகு என், பிறகு ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கைத் தளர்த்தி எடை ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும், மறுபடி பிரேக்கை மிதித்து பி. நேராக பியில் போட்டால் முழு எடையும் உள்ளே இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும். மறுநாள் எடுக்கும்போது வரும் 'டக்' சத்தம் அதனால்தான்.

பழைய வண்டி வாங்குவதானால், நீங்கள் போவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஆருக்கும் டிக்கும் மாற்றிப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதித்தாலோ பலமாக இடித்தாலோ சந்தேகப்படுங்கள். அடுத்து ஏற்றம். ஃபீல்ட்ஸ் ஹில் கிடைத்தால் நல்லது. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால், ஏஎம்டியில் கிளட்ச் வழுக்குகிறது, சிவிடியில் பெல்ட் வழுக்குகிறது. மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்காமல் பணம் தராதீர்கள். பலவீனமான கிளட்ச் அங்கேதான் நடுங்கும். சிவிடி என்றால் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அதற்கென்ற எண்ணெயை விட்டுச் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றியிருந்தால் பெல்ட் வழுக்கிக் கப்பி கீறிப்போகும். ஜோகன்னஸ்பர்க் போய்வருவது அடிக்கடி உண்டென்றால் இதையும் கணக்கில் எடுங்கள்: அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சின் அங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்.

வண்டி கைக்கு வந்ததும் காலியான பார்க்கிங் இடத்தில் அரை மணி நேரம் செலவழியுங்கள். பிரேக்கை விட்டால் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, எந்த அழுத்தத்தில் நிற்கிறது, எம்மில் கூட்டல் குறி முன்னா பின்னா என்று பாருங்கள். இடது கால் தரையிலேயே இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், வண்டிக்கு ஏற்ப 2, எல், எஸ் அல்லது எம்மில் கீழ் கியரை எடுங்கள். பேட்டரி தீர்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஜம்ப் கேபிள் டிக்கியில் இருக்கட்டும். இழுத்துச் செல்ல வேண்டி வந்தால் முன் சக்கரங்கள் தரையில் உருளக்கூடாது.

தென்னாப்பிரிக்காவில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வெழுதி எடுத்த லைசென்ஸ் இந்த நாலு வகைக்கும் செல்லும். பழைய வண்டி என்றால் ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழ் வேண்டும். அது 60 நாள்தான் செல்லும். 21 நாளுக்குள் ஆர்எல்வி (பதிவு விண்ணப்ப) படிவத்தைக் கொடுத்து உங்கள் பெயரில் பதியுங்கள். இன்ஷூரன்ஸ் வண்டியை எடுக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் விற்கும் வண்டிக்கு என்சிஓ (உரிமை மாறியதை அறிவிக்கும்) படிவத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். வாங்கியவர் செய்துகொள்வார் என்று விட்டால், அவர் வேகமாக ஓட்டியதற்கான அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.