பத்து வருஷ பழைய கார் வாங்கும் முன்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன் ஓனர் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். சூடான இன்ஜின் பல நோயை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) போயிருக்கும் என்று சந்தேகம். மெக்கானிக் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேலே சுத்தமாக இருந்தாலும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டு நிற்கும். சீட்டுக்கு அடியில், சீட் முன்னும் பின்னும் நகரும் கம்பியில் துரு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வயரிங் கோளாறு வருஷக்கணக்கில் படுத்தும்.

பானெட் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். ஹூண்டாய் ஐ10 1.1 போல, அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டயரில் ‘2319’ என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரம்.

ஆர்.சி. (பதிவுச் சான்று) முதலில் 15 வருஷத்துக்குத்தான், மீதி எவ்வளவு என்று பாருங்கள். லோன் முடிந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் (கடன் பாக்கி இல்லை என்ற சான்று), ஆர்.சி.யில் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-உம், பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30-உம் கையெழுத்தாகாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.