உயிருள்ள செல்லுக்குள் பாதரசத்தைப் பார்ப்பது: கார்பன் டாட் செய்முறை, ஆரம்பநிலையினருக்கு

செல்லில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று அளக்க நல்ல கருவிகள் உண்டு. ஆனால் அதற்குச் செல்லை அமிலத்தில் கரைத்தாக வேண்டும். செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்க உதவுவது கார்பன் டாட். 10 நானோமீட்டருக்கும் சிறிய துகள் இது. புறஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும், பாதரச அயனி வந்து ஒட்டினால் மங்கும்.

முதலில் துகளைத் தயாரிப்போம். சுமார் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை 10 மி.லி. தூய நீரில் கரைத்து, 0.3 மி.லி. எத்திலீன்டையமீன் சேருங்கள். அதன் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பிறகு டெஃப்லான் குடுவை கொண்ட ஆட்டோகிளேவில் (இறுக மூடும் அழுத்தக் கலன்) 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம். தானாக ஆறும்வரை திறக்கவே கூடாது.

அப்புறம் டயாலிசிஸ்: கரைசலை நுண்துளைச் சவ்வுப் பையில் கட்டி நீரில் வைத்தால் சிறு மூலக்கூறுகள் வெளியேறும், துகள் உள்ளே தங்கும். வெளிநீரை மாற்றி மாற்றி, ஒரு நாளாவது விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே தப்பாகும். இந்த வினையில் துகளாக மாறாத சிறு மூலக்கூறுகளும் உருவாகின்றன, அவையும் நீலமாகவே ஒளிரும். அவை மிஞ்சினால் நீங்கள் அளப்பது துகளின் ஒளியை அல்ல.

அடுத்தது கியுவெட், அதாவது ஒளியை அளக்கும் கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குடுவை. அதில் துகள் கரைசலுக்கு பிஹெச் 7.4 உள்ள ஹெப்பீஸ் பஃபர் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) எடுங்கள். பாஸ்பேட் வேண்டாம், ஈயமும் இரும்பும் அதில் வீழ்படிவாகிவிடும். 360 நானோமீட்டரில் தூண்டி, 440 பக்கம் வரும் ஒளியை அளந்துகொண்டே பாதரசக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பாதரச அளவுக்கு எதிரே ஒளி மாற்றத்தை வரைபடமாக வரையுங்கள். பாதரசம் சேர்க்காத மாதிரியைப் பத்து முறை அளந்து, திட்டவிலக்கத்தை 3-ஆல் பெருக்கி, வரைபடக் கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை, அதாவது இந்த முறையால் காணக்கூடிய மிகக் குறைந்த பாதரச அளவு, கிடைக்கும். குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம், அதாவது சுமார் 30 நானோமோலார். உங்கள் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். இரும்பு, செம்பு, ஈயம் ஆகியவற்றையும் தனித்தனியே சோதியுங்கள். குறிப்பாக இரும்பு: ஃபெரிக் அயனி (இரும்பின் 3+ வடிவம்) புறஊதா ஒளியைத் தானே உறிஞ்சும், துகளைத் தொடாமலேயே மங்கியதுபோல் காட்டிவிடும்.

இப்போது செல். ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்லான ஹீலா செல்லில், செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் எம்டிடி சோதனை செய்து, துகள் எந்த அளவுவரை நச்சாகாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மூன்று தட்டுகள்: முதலாவதில் துகள் மட்டும்; இரண்டாவதில் துகளும் பாதரசமும்; மூன்றாவதில் துகளும் பாதரசமும் சேர்த்து, கடைசியாகக் கந்தகம் கொண்ட என்-அசிட்டைல் சிஸ்டீன். மூன்றையும் நன்றாகக் கழுவி, ஒரே லேசர் அமைப்பில், ஒரே நேர அளவில் கன்ஃபோகல் எனும் லேசர் நுண்ணோக்கியில் படமெடுங்கள்.

மூன்றாவது தட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். லேசர் பட்டுப்பட்டு மங்கினாலும், செல் செத்துத் துகள் கசிந்தாலும் படம் இருண்டுதான் தெரியும். சிஸ்டீனின் கந்தகம் பாதரசத்தைப் பறித்து ஒளி திரும்பினால்தான் மங்கியதற்குக் காரணம் பாதரசம் என்று துணிந்து சொல்லலாம். செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் இயல்பாகவே இருக்கும், கந்தகம் கொண்ட குளுட்டதயோனும் இதேபோல் பாதரசத்தைப் பிடித்துவைக்கும். அதனால் ஒளி மங்கவில்லை என்பதற்காகச் செல்லில் பாதரசமே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கழுவிய நீர் முழுவதையும் பாதரசக் கழிவு என்று எழுதி ஒட்டிய பாட்டிலில் ஊற்றுங்கள், சிங்க்கில் அல்ல.