நீலகிரிக்கு ஊழியம் செய்ய வரும் தம்பி தங்கைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாசரேத், சாயர்புரம், மார்த்தாண்டம் பக்கமிருந்து இளம் சுவிசேஷ ஊழியர்கள் வருஷா வருஷம் நீலகிரிக்கு வருகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். வேதாகமக் கல்லூரி முடித்த கையோடு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியவர்கள். கோத்தகிரியில் குடியிருக்கும் எங்களுக்கு அவர்களில் பலரைத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள், எங்கள் சபையில் செய்தி கொடுத்திருக்கிறார்கள். பாதியிலேயே இறங்கிப் போனவர்களும் உண்டு. அப்படிப் போன யாருக்கும் விசுவாசம் குறைந்து நான் பார்த்ததில்லை. உடம்பு கெட்டுப் போனார்கள், கடையில் கடன் ஏறிப் போனார்கள், ஊரில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் பேசிவிட்டு யார் முகத்திலும் விழிக்க முடியாமல் போனார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசியைத் தவிர்த்திருக்கலாம்.

முதலில் குளிர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்தரையெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மே மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இதமாகத்தானே இருக்கிறது என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்து சேர்கிறார்கள். அது சின்னத் தவறு, கடைவீதியில் சரிசெய்துவிடலாம். பெரிய தவறு, குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குவது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துவிடும். லேசாகத் தலை வலிக்கும், கண்ணைச் சொருகும். எழுந்து கதவைத் திறக்கலாம் என்ற நினைப்பே வராது. புகை அடங்கிய கங்குதானே என்பார்கள். அந்தக் கங்கிலிருந்தும் அது வரும். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. இரண்டு கம்பளி, காதை மூடும் குல்லா, கால் உறை, சுடுதண்ணீர் ஊற்றிய ரப்பர் பை, இவை போதும். தயவுசெய்து கரிச்சட்டி வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, அரிசி நடுவில் முளையாகவே நிற்கும். அம்மா வீட்டில் செய்த மாதிரியே செய்து பார்த்துவிட்டு, ‘நமக்குச் சமையல் வராது’ என்று கையை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் காலையில் டீயும் வர்க்கியும், மத்தியானம் பன், ராத்திரி யாராவது கூப்பிட்டால் சாப்பாடு. மூன்று மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். வந்த முதல் வாரத்தில் வாங்க வேண்டிய சாமான் குக்கர். கிதாரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாரையும் ‘மலை ஜனங்கள்’ என்று ஒரே கூட்டமாகப் பார்ப்பது

இந்தத் தவறுக்குத்தான் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊழியச் செய்தியில் ‘மலைவாழ் மக்கள் மத்தியில்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். நீலகிரியில் அப்படி ஒரே ஜனம் இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறும் இவைதான். ஆறும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இவர்கள் ஒருவர்போல் ஒருவர் இல்லை. தோடருக்கு எருமை, கோத்தருக்கு மண்பாண்டமும் இரும்பு வேலையும் இசையும், காட்டுநாயக்கருக்குத் தேன். ஹட்டி என்று சொல்லும் தங்கள் ஊர்களில் வாழும் படகர்கள் வேறு. அவர்களுக்குத் தனி மொழி, தனி ஊர்க் கட்டுப்பாடு. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மலையாளம் கலந்த பேச்சு.

தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்களில் ஏராளமானோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமே இங்கே வளர்ந்தது. கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்த பாட்டிகள் இன்றைக்கும் இந்த லைன்களில் இருக்கிறார்கள். பல குடும்பங்கள் அங்கிருந்தே பைபிளோடும் பாட்டுப் புத்தகத்தோடும் கப்பல் ஏறியவை. அவர்கள் வாசலில் போய் நின்று ‘ஆண்டவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா பாட்டி?’ என்று ஆரம்பித்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? முதலில் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள் என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

ஊருக்குள் நுழையும் முறை ஒவ்வொரு இடத்திலும் வேறு. மந்து என்ற தோடர் குடியிருப்பில் கோயிலும் எருமைத் தொழுவமும் அவர்களுக்குப் புனிதமான இடங்கள். கிட்டே போகக் கூடாது, கல் வேலிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. தூரத்திலேயே நின்று பெரியவரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். ஹட்டியிலும் பெரியவர்களைப் பார்க்காமல் நேரே வீடுகளுக்குள் நுழைவது மரியாதை இல்லை. டிசம்பர், ஜனவரியில் படகர்களுக்கு ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஜனம் கூடியிருக்கிறதே என்று அன்றைக்குச் சுவிசேஷக் கைப்பிரதி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஊழியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் கிறிஸ்துமஸ் ஆராதனை வாசலில் ஒருவர் வந்து நின்று நம் ஆண்டவரைக் குறைத்துப் பேசினால் நமக்கு வலிக்காதா? காப்புக்காட்டை ஒட்டிய குடியிருப்புகளுக்குப் போக வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில் அனுமதி வாங்கிவிட்டே போங்கள். ஜெபித்துவிட்டுப் போகிறோம் என்பது அனுமதி ஆகாது.

இங்கே சுவிசேஷம் சொல்ல நான்தான் முதல் ஆள் என்ற நினைப்பும் கூடாது. யேசு சபைப் பாதிரியார் பெனிசியோ மலபாரிலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்தது 1603-இல். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1840-களிலேயே ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹட்டி ஹட்டியாக நடந்தார்கள், படகர் மொழி பேசக் கற்றார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். படகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-இல்தான் நடந்தது. பத்து வருஷத்துக்கும் மேல் பொறுத்தவர்கள் நடந்த பாதையில், ஆறு மாதத்தில் எண்ணிக்கை காட்டச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தை ஜனங்கள் தலையில் இறக்கி வைக்காதீர்கள். அரிசி மூட்டை, கம்பளி, பள்ளிக்கட்டணம் என்று எதையாவது கொடுத்து ஆராதனைக்கு ஆள் சேர்ப்பது அந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கிறது. உதவி செய்வதென்றால் செய்யுங்கள். சபைக்கு வருகிறார்களா என்று பார்த்துச் செய்யாதீர்கள்.

வேலை நேரமும் இருட்டும்

கொழுந்து பறிக்கிறவர்கள் காலை எட்டு மணிக்குள் மலையில் இருக்க வேண்டும். சாயங்காலம் எடை போட்டுவிட்டு வீடு வந்து சேர ஐந்து, ஐந்தரை ஆகிவிடும். அப்புறம்தான் விறகு, தண்ணீர், சமையல். விரலெல்லாம் இலைக்கறை ஏறிக் கறுத்து வெடித்திருக்கும். முதுகை நிமிர்த்த நேரமில்லாத அந்தப் பெண்ணை ஆறு மணிக்கு வீட்டுக்கூட்டத்துக்கு உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்வது இரக்கம் இல்லாத காரியம். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. துணி துவைப்பது, சந்தை எல்லாம் அன்றைக்குத்தான். ஆராதனையை நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடியுங்கள். அதற்கு நன்றி சொல்லும் தாய்மார்கள் நிறையப் பேர்.

இருட்டிய பிறகு தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் தனியாக நடக்கவே கூடாது. இங்கே உள்ளவர்கள் இதை யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும் என்பதால். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரியாது. செடி மறைவில் காட்டு மாடு படுத்திருக்கும். ஒரு டன் எடை வரை இருக்கும் மிருகம், பத்தடி கிட்டே போகிறவரை கண்ணில் படாது. கன்று கூட இருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் முட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய்க்கும் தின்பண்டத்துக்கும் கரடி குடியிருப்புக்குள்ளேயே வரும். கூடலூர், பந்தலூரில் யானை. பலாப்பழக் காலத்தில் வீட்டு முற்றம் வரை வரும். கூட்டம் முடிந்து நேரமாகிவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று பேராக, நல்ல டார்ச்சோடு, பேசிக்கொண்டே, தார் ரோட்டு வழியாகப் போங்கள். காதில் இயர்போன் வேண்டாம். வழியில் காட்டு மாடு நின்றால் விரட்டாதீர்கள், படம் பிடிக்காதீர்கள். அது போகும்வரை நில்லுங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். கர்த்தர் காப்பார் என்பது எனக்கும் விசுவாசம்தான். எட்டு மணிக்கு அந்தப் பாதையில் போகாதே என்று சொல்லும் தோட்டக் காவலாளியையும் அவர்தான் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

இரண்டு பேராகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் இளம் ஊழியர் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்.

மருந்து கொடுப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும்

இரண்டும் உயிருக்கு ஆபத்து. பையில் பத்து வகை மாத்திரையை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்றால் ஒன்று, வலி என்றால் ஒன்று என்று கொடுப்பது நல்ல மனசினால்தான். ஆனால் இந்த மலையில் காய்ச்சல் எல்லாம் சளிக்காய்ச்சல் இல்லை. புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வெளியே தெரியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே கேட்டுவிடும். உங்கள் பாராசிட்டமாலை நம்பி ஒரு வாரம் கழிந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். நீலகிரிப் பழங்குடிகளிடையே சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயும் இருக்கிறது. அதில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால்தான் ரத்தம் குறைகிறது. வெளிறிப் போயிருக்கிறாரே என்று சோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. உங்கள் வேலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, 108-க்குப் போன் போடுவது, ஆஸ்பத்திரியில் கூட இருப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உங்களோடு இருந்த பையன் என்று அந்தக் குடும்பம் காலத்துக்கும் நினைத்திருக்கும்.

ஜெபித்தாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வலிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, காசநோய் மாத்திரை எதையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

போட்டோ விஷயத்துக்கு வருவோம். ஊழியச் செய்திக்காகக் கிழிந்த சட்டைப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது, ஜெபத்தில் அழும் அம்மாவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, கீழே ‘இருளில் வாழும் ஜனம்’ என்று எழுதுவது. அந்தப் பிள்ளைகளும் இன்றைக்கு போன் வைத்திருக்கிறார்கள். தன் வீட்டைப் பற்றி இப்படி எழுதியிருப்பதை ஒரு பெண் பிள்ளை கல்லூரியில் தோழி காட்டிப் பார்த்தால் அவள் மறுபடி உங்கள் சபைப் படி ஏறுவாளா? பெயர், ஊர், நோய், குடும்பச் சண்டை எதையும் கேட்காமல் எழுதக் கூடாது. பிள்ளைகள் படம் என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் மாதப்படியில் தெற்கத்திச் சபைகளின் கைப்பிடி அரிசி இருக்கிறது. உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்து வைத்த வீடுகளின் காணிக்கை அது. நோட்டுப் போட்டு எழுதுங்கள். படி தாமதமானால் மளிகைக்கடையில் கணக்கு ஏற்றாமல் பொறுப்பாளருக்குப் போன் போடுங்கள். சபையாரிடம் கைமாற்று வாங்கவே வேண்டாம். கொடுத்தவர் முன்னால் நீங்கள் எதையும் திறந்து பேச முடியாது.

வீட்டுக்குப் போன் பேசுவதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் பேசி, மனசு இங்கே வேர் பிடிக்கவே விடுவதில்லை. சிலர் அம்மா பயப்படுவார் என்று காய்ச்சலைக்கூட மறைக்கிறார்கள். ஜூலை மழையில் நாலு நாள் சூரியனையே பார்க்காமல், ஈரத் துணியோடு ஒற்றை அறையில் இருந்தால் யாருக்கும் மனசு சோர்ந்துபோகும். அதைப் பாவம் என்று நினைத்து உபவாசம் இருந்து இன்னும் பலவீனமாகிவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் டீ குடியுங்கள், ஆயரிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு எடுங்கள். தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, மாற்றல் வந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுவது. பிரிவு தாங்காது என்று விடியற்காலை பஸ்ஸில் போய்விடுகிறார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், வீடு வீடாகப் போய் விடைபெறுங்கள். அடுத்து வருகிறவருக்கு ஒரு நோட்டு எழுதி வையுங்கள்: யார் வீட்டில் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்கு மாசாமாசம் ஊட்டி ஆஸ்பத்திரிக்குத் துணை போக வேண்டும், எந்தப் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் மனு தாலுகா அலுவலகத்தில் நிற்கிறது, எந்த ஹட்டியில் யாரை முதலில் பார்க்க வேண்டும், எந்தப் பாதையில் காட்டு மாடு நிற்கும். கடைப் பாக்கி இருந்தால் கட்டிவிட்டு ரசீதையும் அதே நோட்டில் வையுங்கள்.