குரல் பதிவேற்றும் செயலி: எந்த ஒலிக்கோப்பை ஏற்பது, எதை வைத்துக்கொள்வது?

தமிழ்மொழி விழாவுக்காக, எங்கள் வட்டார மூத்தோரின் கம்பத்து (அந்தக்காலக் கிராமத்து) நினைவுகளைக் குரலாகச் சேர்க்க ஒரு செயலி செய்தேன். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து அனுப்பினார்கள். வந்தவற்றில் பல கோப்புகள் ஓடவே இல்லை. அதைச் சரிசெய்த வழி இது. சர்வரும் பதிவேற்றப் படிவமும் தயாராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், எம்பி3 வடிவம் மட்டும்தான் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஐபோனில் பதிந்தால் எம்4ஏ வரும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் குரல்செய்தி ஓபஸ். குரோமிலேயே பதிந்தால் பெரும்பாலும் வெப்எம். எல்லாவற்றையும் வாங்குங்கள், அளவுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பு, சிடி தரத்து ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும்.

அடுத்ததில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. நான் கோப்பின் பெயரை நம்பினேன். ஒரு அக்கா அனுப்பியது எம்பி3 என்று முடிந்தது, உள்ளே இருந்ததோ ஓபஸ். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். பழைய ஐபோனில் அது வாயே திறக்கவில்லை. பிரவுசர் சொல்லும் கோப்பு வகையும் பெயரைப் பார்த்துச் சொல்வதுதான். ஆகவே சர்வரில் எஃப்எஃப்புரோப் (கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி) ஓட்டி உள்ளே பாருங்கள். எம்4ஏ என்பது வெறும் பெட்டி. அதற்குள் ஒலி ஏஏசி முறையில் சுருக்கப்பட்டு இருக்கலாம், தரம் குறையாத ஏலாக் முறையிலும் இருக்கலாம். ஏலாக் எல்லா பிரவுசரிலும் ஓடாது.

அப்புறம், கேட்பதற்கென்று ஒரே வடிவத்தில் பிரதி எடுங்கள். என் தேர்வு எம்4ஏ பெட்டியில் ஏஏசி, மோனோ, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்). பேச்சுக்கு ஓபஸ் 32லேயே அருமையாக இருக்கும், ஆனால் பழைய ஐபோன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளை விட்டுவிட எனக்கு மனமில்லை. வடிவம் மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தெரிவைச் சேருங்கள். அது கோப்பின் கடைசியில் கிடக்கும் உள்ளடக்க அட்டவணையை முன்னால் கொண்டுவரும். முழுக்க இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூலக் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு பாட்டி அத்தாப்பு ஓலைக் கூரையில் மழை விழுந்ததைச் சொல்லி நிறுத்தி, பெருமூச்சு விடுவார். பிரதியிலிருந்து பிரதி எடுத்தபோது அந்த மூச்சு தண்ணீருக்குள் விட்டதுபோல் கேட்டது. மூலம் இருந்ததால் மீட்டேன். பிரதியைத் தரம் குறைக்காத ஃபிளாக் வடிவமாக மாற்றினாலும் போனது திரும்பாது, இடம்தான் அடைக்கும்.

பின்சேர்க்கை: குரோமில் பதிந்த வெப்எம் கோப்புக்கு நீளமே தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பதியும்போது தலைப்பகுதியில் நீளம் எழுதப்படுவதில்லை, அதுதான் காரணம். நீள வரம்பும் வைத்திருந்தால், அதை மாற்றிய எம்4ஏ கோப்பை வைத்துச் சரிபாருங்கள்.