பழைய ஒப்படைப்புக் கோப்பை எப்படிப் படிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திரில், டெல்லியில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணா, வெள்ளைக்காரன் காலத்து நாடு கடத்தல் வழக்குகளை எடுத்திருக்கேன், எங்கே ஆரம்பிக்கிறது?" அவருக்குச் சொன்னது இதுதான்.

முதலில் அந்தச் சொல்லை விடுங்கள். நம் பத்திரிகைகள் எக்ஸ்ட்ரடிஷன், டிபோர்ட்டேஷன் (ஓர் அரசு தானாகவே ஆளை வெளியேற்றுவது) இரண்டையுமே நாடு கடத்தல் என்று எழுதிவிடுகின்றன. உங்களுக்கு வேண்டியது ஒப்படைப்பு, அதாவது ஓர் அரசு கேட்டு இன்னோர் அரசு ஆளைக் கொடுப்பது. அதனால் கோப்பைத் திறந்ததும் குற்றத்தைத் தேடாதீர்கள், கேட்பது யார் என்று பாருங்கள். சிங்கப்பூர் மாதிரி இன்னொரு பிரிட்டிஷ் காலனி என்றால் 1881ஆம் வருஷத்துத் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம், சமஸ்தானம் என்றால் 1903 இந்திய ஒப்படைப்புச் சட்டமும் பொலிட்டிக்கல் ஏஜென்ட் (சமஸ்தானத்துக்கான பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) வாரண்டும், பிரான்ஸ் மாதிரி அந்நிய நாடு என்றால் ஒப்பந்தம். அரசியல் குற்றத்துக்கு அந்நிய நாட்டிடமிருந்து ஆளை வாங்குவது கடினம். 1908இல் பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்ட பிறகு பிரிட்டிஷ் போலீஸ் உளவாளிகளை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே பிடித்தார்கள்.

சரி, ஒரே நாட்டில் இரண்டு தரப்பு நாங்கள்தான் அரசு என்றால்? இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். யார் நியாயமானவர் என்று பிரிட்டிஷ் நீதிமன்றம் தானாக ஆராயாது, வெளியுறவு அலுவலகத்தைக் கேட்கும், வருகிற பதிலுக்குக் கட்டுப்படும். ஒப்படைப்பு வழக்கு இல்லையென்றாலும் 1939இல் தீர்ப்பான அரன்ட்சாசு மெண்டி கப்பல் வழக்கைப் படியுங்கள்: ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவின் தரப்பு நாட்டின் பெரும்பகுதியை நடைமுறையில் ஆள்கிறது என்று வந்த கடிதம்தான் வழக்கை முடித்தது. உங்கள் கோப்பிலும் அப்படியொரு கடிதம் இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். அரசு என்ற அங்கீகாரம் ஒப்படைப்புக் கோரிக்கைக்கு முன்பா பின்பா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது.

கோப்பு 1950 ஜனவரி 26ஐத் தாண்டினால் மெட்ராஸ் மாநிலம் எதிர் மேனன் தீர்ப்பைத் தவறவிடாதீர்கள். சிங்கப்பூர் கேட்ட ஆளைக் குடியரசு இந்தியா அந்தப் பழைய 1881 சட்டத்தின்படி கொடுக்க முடியாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படிக்கப் படிக்கப் பெருமையாக இருக்கும்.

கோப்புகளுக்கு ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் போகலாம், வெளியுறவு மற்றும் அரசியல் துறைப் பட்டியலைக் கேளுங்கள். போவதற்கு முன் வீட்டிலிருந்தே அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் ஆங்கிலத்தில் தேடுங்கள். எக்ஸ்ட்ரடிஷன் என்ற சொல் மட்டும் போதாது, சரண்டர் என்றும் போடுங்கள், அப்புறம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எழுதிய பழைய எழுத்திலும்.