போர்தோவின் இரண்டாம் சிவப்பு ஒயினை உணவோடு பரிமாறும் முறை

பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள பெரிய ஒயின் பண்ணைகள், இளங்கொடிகளின் திராட்சையையும் முதன்மை ஒயினுக்கெனத் தேர்வாகாத பீப்பாய்களையும் கொண்டு இரண்டாவது சிவப்பு ஒயினைத் தயாரிக்கின்றன. அப்பண்ணைகளுள் ஒன்றான ஷத்தோ மார்கோவின் இரண்டாம் ஒயினான ‘பவியோன் ரூஜ்’ 1908 முதல் இப்பெயரைத் தாங்கி வருகிறது. இரண்டாம் ஒயினைக் கழித்துக்கட்டிய சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். முதன்மை ஒயினைவிட முன்னதாகவே பருகும் பக்குவத்தை அடைந்துவிடுவதால், நெடுங்காலம் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு இதுவே பொருத்தம் என்பேன்.

புட்டியை 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைத்து, இளம் ஒயினாக இருந்தால் பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். உணவைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் கவனிக்க வேண்டியது துவர்ப்பு. ஒயினிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால்தான் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் தோன்றுகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. ஆகவே, ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் இருக்கும்படி வாட்டிய ஆட்டுத்தொடை, தோலோடு வறுத்த வாத்தின் நெஞ்சுக்கறி, எலும்பு மஜ்ஜை சேர்த்த போர்தோ பாணி மாட்டிறைச்சி ஆகியவை நன்கு பொருந்தும். மெர்லோ என்னும் திராட்சை வகை மிகுந்த மென்மையான ஒயினென்றால் காளான் வதக்கலே போதும். பாலாடைக்கட்டியில் கொம்தே போன்ற முதிர்ந்த, கெட்டியான வகையை வையுங்கள். எண்ணெய்ப்பசையுள்ள மீனைத் தவிர்ப்பது நல்லது, வாயில் உலோகச் சுவை தட்டும். மிளகாய்க் காரமோ துவர்ப்பை இன்னும் கடுமையாக்கிவிடும்.