தோற்ற ஆட்டத்தைப் பேரேட்டில் ஏற்றுவது எப்படி

பேரேடு நீளமானதாக இருக்கட்டும். பள்ளிக்கூட நோட்டில் 11 இன்னிங்ஸ் அடங்காது. பேனா வேண்டாம், பென்சில், அழிப்பான், அடிக்கோல் போதும். தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தச் சாமான்கள் என் வீட்டு அலமாரியிலேயே கிடந்தன. இல்லாதவர்கள் இராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் தோற்ற அன்றே போய் வாங்க வேண்டாம். அன்றைக்கு எதையுமே செய்யக்கூடாது என்பதுதான் முதல் விதி.

நான் சொல்வது பேஸ்பாலைப் பற்றி. இந்த இராமேஸ்வரம் தீவில் அதைப் பார்க்கிற ஆள் என்னைத் தவிர யாராவது இருக்கிறாரா என்று தெரியாது; இருந்தால் அவருக்காகத்தான் எழுதுகிறேன். கிரிக்கெட் பார்க்கிறவர்களும் படிக்கலாம். முள் எந்த மீனுடையதாக இருந்தாலும் தொண்டையில் நிற்பது ஒரே மாதிரிதான்.

எனக்கு இந்த வியாதி வந்தது 2022இல். மகள் குடும்பம் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறது. ஆறு மாதம் போய் இருந்தேன். அக்டோபர் 8ஆம் தேதி வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். டொராண்டோ புளூ ஜேஸ் அணி சியாட்டிலை எதிர்த்து 8-1 என்று முன்னால் இருந்தது. கடைசியில் 10-9 என்று தோற்றது. நடுவில் டொராண்டோ ஆட்கள் இரண்டு பேர், ஸ்பிரிங்கரும் பிஷெட்டும், ஒரே பந்தைப் பிடிக்க ஓடி மோதிக்கொண்டார்கள். பந்து கீழே விழுந்தது, மூன்று ரன் போய்விட்டது. மருமகன் டிவியை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் போய்க் காரைக் கழுவினார். பேரன் அழுதான். “இதற்கா அழுகிறாய்?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் கழித்து வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

2025 அக்டோபரில் அதே சியாட்டிலை, அதே ஸ்பிரிங்கர் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னால் வென்று, 1993க்குப் பிறகு முதல் தடவையாக டொராண்டோ உலகத் தொடர் என்கிற இறுதித் தொடருக்குள் போனது. எதிரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். ஏழு ஆட்டத் தொடர். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது; விடிவதற்கு முன் உட்கார்ந்தவன் மதியம் பன்னிரண்டே கால் தாண்டித்தான் எழுந்தேன், அதுவும் தோற்றுவிட்டு. அன்று வீட்டில் சோறு யாரும் பரிமாறவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

ஏழாவது ஆட்டம் நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் திருநாள். காலைப் பூசைக்கு வராமல் கைபேசியோடு உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. மழைக்காலம், சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. 11ஆவது இன்னிங்ஸில் டொராண்டோவின் கிர்க் மட்டையைத் தோளில் வைத்து நிற்கும்போது படம் அப்படியே உறைந்தது. மறுபடி நகர்ந்தபோது டாட்ஜர்ஸ் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 5-4. நான் தோற்றதையே பார்க்கவில்லை, தோற்றுமுடிந்ததைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடாதவை: மகளுக்குப் போன் செய்யக்கூடாது. யாரால் தோற்றோம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்ன பெயர் பிறகு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், உண்மையே வேறாக இருந்தாலும் உதறமுடியாது. வீடியோத் துணுக்குகளைப் பார்க்கவே கூடாது. நான் சாயங்காலம் மனைவியோடு கல்லறைக்குப் போய், அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் நான்கு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை, “உங்கள் முகத்தைப் பார்த்தால் நேற்றுத்தான் புதைத்தது போலிருக்கிறது” என்றாள். டொராண்டோவில் அன்றிரவுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். குளிர்கால வழக்கம்தான். இருந்தாலும் தோற்ற ஊருக்கு அந்த இரவை ஒரு மணி நேரம் நீட்டியிருக்க வேண்டியதில்லை.

பேரேட்டை மூன்றாம் நாள்தான் திறக்க வேண்டும். இந்த மூன்று நாள் கணக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மீன்பாடு இல்லாமல் கரைக்கு வந்த விசைப்படகின் டிரைவரிடம், வந்த அன்றே ஐஸ் பாக்கியைக் கேட்டால் சண்டைதான் வரும். டீசலைக் குறை சொல்வார், வலையைக் குறை சொல்வார், நீரோட்டத்தை, கூட வந்த பையனை, கடைசியில் என்னையே குறை சொல்வார். ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மூன்றாம் நாள் அவரே வருவார். பேரேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைப்பேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். கூட வந்த பையனைப் பற்றிப் பேச்சே வராது.

ஆக, மூன்றாம் நாள் காலை பேரேட்டைத் திறங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மட்டையடிக்கும் ஒன்பது பேரின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரியைக் காலியாக விடுங்கள், மாற்று ஆள் வந்தால் எழுத. மேலே குறுக்குவாக்கில் இன்னிங்ஸ் எண்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோலத்துக்கு வைப்பதுபோல் நான்கு புள்ளிகள், மட்டையடித்தவர் ஓடிச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்கள்: கீழே ஹோம், வலது பக்கம் முதல் பேஸ், மேலே இரண்டாவது, இடது பக்கம் மூன்றாவது. ஓடுகிறவர் எதுவரை போனாரோ அதுவரை கோடு. சுற்றி வந்து ரன் எடுத்துவிட்டால் உள்ளே பென்சிலால் நிரப்பிவிடுங்கள். எதிரணிக்கு எதிர்ப்பக்கம்.

பந்தைத் தடுப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 1 பந்தை வீசும் பிட்சர், 2 மட்டையடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர். முதல் பேஸ்காரருக்கு 3, இரண்டாவது பேஸ்காரருக்கு 4, மூன்றாவது பேஸ்காரருக்கு 5. இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள்; நானும் ஒரு மாதம் விழுந்தேன். 6 என்பது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப். 7, 8, 9 தூரத்தில் நிற்பவர்கள்: மட்டையடிப்பவர் பார்வையில் இடம், நடு, வலம். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று தடவை தவறவிட்டு அவுட்டானால் ஆங்கில எழுத்து ‘கே’. மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். நான் தமிழிலேயே ‘கே’ போட்டு, நின்று அவுட்டானவரைச் சுற்றி வட்டம் போடுகிறேன். இந்தக் ‘கே’யை ஏற்படுத்தியவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் பக்கம் குடியேறியவர்; பேஸ்பாலுக்கு வரும் முன் கிரிக்கெட் செய்தி எழுதியவர். அதனால் அந்நிய சரக்கு என்று தயங்க வேண்டாம்.

மேஜர் லீக் பேஸ்பாலின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடந்தது நடந்தபடி வரி வரியாகக் கிடைக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். வீடியோவில் கூட்டத்தின் சத்தம் இருக்கிறது. அது உங்களை மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

எழுதும்போது வேகமாகப் போக வேண்டிய இடங்களும் உண்டு. மூன்றாவது இன்னிங்ஸில் பிஷெட் டாட்ஜர்ஸ் பிட்சர் ஓட்டானியின் பந்தை அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னை நான் ரசித்து ரசித்து நிரப்பினேன், பென்சில் முனை உடைந்தது. தேவையில்லாத வேலை. ஒன்பதாவதில்தான் மெதுவாகப் போக வேண்டும்.

ஒன்பதாவதின் மேல்பாதி, டாட்ஜர்ஸ் மட்டையடிக்கும் முறை: டொராண்டோ 4-3 முன்னால். ஒரு அவுட். இன்னும் இரண்டு அவுட் கிடைத்தால் கோப்பை. மட்டையடி வரிசையில் கடைசி ஆளான ரோஹாஸ், டொராண்டோ பிட்சர் ஹாஃப்மன் வீசிய பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். கட்டத்தை நிரப்பினேன். 4-4. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஆட்டம் அந்தக் கட்டத்தோடு முடிந்துபோயிருந்தது. ஒரே ஆள்மேல் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தேன்.

அதற்கு எதிர்ப்பக்கம், கீழ்ப்பாதி, டொராண்டோவின் முறை. ஒரு அவுட்டோடு மூன்று பேஸிலும் ஆள். மூன்றாவதில் நின்றவர் கைனர்-ஃபலேஃபா, பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்தவர். அவர் ஹோம் வந்து சேர்ந்தால் ஆட்டமே முடிந்தது. வார்ஷோ தரையோடு அடித்தார். இரண்டாவது பேஸ்காரராக நின்ற அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். எல்லா பேஸிலும் ஆள் நிற்கும்போது ஓடுகிறவரைத் தொட வேண்டியதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்சர் ஹோமில் இருக்கும் தட்டை மிதித்தால் போதும். கேட்சர் ஸ்மித்தின் கால் தட்டைவிட்டு எழும்பி மறுபடி பதிந்தது. வீடியோவைத் திருப்பிப் பார்த்தும் அவுட். பேரேட்டில் 4-2, அவ்வளவுதான் இடம். அடுத்த பந்து உயரப் போனது. நடுவில் நின்ற டாட்ஜர்ஸ் ஆள் பாஹேஸ் சக ஆட்டக்காரர்மேல் மோதியும் பிடித்துவிட்டார். 8. 2022இல் மோதிய நம் ஆட்கள் பந்தை விட்டார்கள், இவர்கள் விடவில்லை.

கைனர்-ஃபலேஃபா மூன்றாவது பேஸைவிட்டு அதிகம் நகராமல் நின்றார் என்று அவரைத் திட்டாத ஆளில்லை. பக்கத்தைப் பின்னால் திருப்புங்கள். முந்திய இரவு, ஆறாவது ஆட்டம், அதே ஒன்பதாவது இன்னிங்ஸ்: டொராண்டோவின் பார்ஜர் இரண்டாவது பேஸைவிட்டு அதிகம் நகர்ந்து நின்றார், பந்தை எட்டிப் பிடித்த இடப்பக்கத்து ஆள் உடனே எறிய, திரும்ப முடியாமல் அவுட். 7-4. தொடரை அன்றே முடித்திருக்க வேண்டியவர்கள். ஒரு பக்கத்தில் நகர்ந்ததற்கு அவுட், அடுத்த பக்கத்தில் நகராததற்கு அவுட். இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது பேஸில் நின்ற அந்த மனிதரின் காலில் முந்தைய இரவின் பயம் கட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. ஹாஃப்மன் பெயரும் அத்தோடு என் வாயிலிருந்து இறங்கியது.

எழுதி முடித்தபின் கூட்டிப் பாருங்கள், கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்காது. ஏழு ஆட்டத்தில் டொராண்டோ எடுத்தது 11, 1, 5, 6, 6, 1, 4. மொத்தம் 34. டாட்ஜர்ஸ் 4, 5, 6, 2, 1, 3, 5. மொத்தம் 26. எட்டு ரன் வரவு அதிகம் இருந்தும் தொடர் போய்விட்டது. என் 31 வருடத்தில் இப்படி ஒரு ஐந்தொகையை முதலாளியிடம் காட்டியிருந்தால் மறுநாள் எனக்கு வேலை இருந்திருக்காது. இரண்டு தடவை கூட்டினேன். சரிதான்.

இதற்கு அப்புறம் போன் செய்யலாம். நான் பக்கங்களைப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். இப்போது அவனுக்கு வயது பதினொன்று, அவனே ஒரு சின்ன அணியில் இரண்டாவது பேஸில் நிற்கிறான். ஹாஃப்மனைப் பற்றியோ கைனர்-ஃபலேஃபாவைப் பற்றியோ அவன் எதுவும் சொல்லவில்லை. நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனான்.

“தாத்தா, 6-4-3 என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு.”

அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் விவரத்தைப் பார்க்காமல் எழுதியிருந்தேன். பார்க்க மனம் வரவில்லை. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாவதுக்கு எறிந்து, அங்கிருந்து முதலாவதுக்கு என்று வழக்கமான இரட்டை அவுட்டாக நானே நினைத்துக்கொண்டேன். என் கைபேசியில்தான் படம் நின்றுபோயிருந்ததே.

“கிர்க்கின் மட்டை உடைந்தது. ஷார்ட்ஸ்டாப் பெட்ஸ் பந்தை எடுத்து அவரே இரண்டாவது பேஸை மிதித்தார். பிறகு முதலாவதுக்கு எறிந்தார். நடுவில் யாரும் இல்லை, தாத்தா.”

அழித்துவிட்டு 6-3 என்று எழுதினேன். அவன் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் உண்மையாகவே அழிக்கிறேனா என்று. அடுத்ததாக அந்த 18 இன்னிங்ஸ் ஆட்டத்தை எழுதச் சொல்லியிருக்கிறான். அதற்கு இரண்டு பக்கங்களை ஒட்ட வேண்டும். பசை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.